குழந்தையோடு காட்டுக்குள்: செடிகளையும் உயிர்களையும் பார்த்துப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டுக்குப் போய் வந்த பிள்ளையிடம் "என்ன பார்த்தாய்?" என்று கேட்டால், "ஒன்றுமே இல்லை, குரங்கு மட்டும்தான்" என்று உதட்டைப் பிதுக்குவது வழக்கம். குறை பிள்ளையிடம் இல்லை. புலி வரும், யானை வரும் என்று ஆசை காட்டி, மூன்று மணி நேரம் விறுவிறுவென்று நடக்க வைத்து, வழியெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டே போனால் யார் கண்ணுக்கும் எதுவும் படாது. பெரிய விலங்குகள் பலவும் விடிகாலையிலும் அந்தியிலும் இரவிலும்தான் நடமாடும். மனித அரவம் கேட்டாலே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் காலடியில் மட்கிக் கிடக்கும் ஒரு கட்டைக்கு அடியில் எந்த நேரம் பார்த்தாலும் உயிர்கள் இருக்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நடப்பதைக் குறையுங்கள், உட்காருவதைக் கூட்டுங்கள், அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். நாலு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெருங்காடுதான் வேண்டும் என்றில்லை. மரங்கள் அடர்ந்து, சருகு கூட்டி அள்ளப்படாமல் கிடக்கும் எந்த இடமும் போதும்.

படி 1: இடமும் நேரமும்

நுழைவிடத்திலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து சேரக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு பெரிய மரம், கொஞ்சம் நிழல், கொஞ்சம் வெயில், முடிந்தால் விழுந்து கிடக்கும் ஒரு கட்டை இருந்தால் நல்லது. பிள்ளைகளை அழைத்துப் போகும் முன் நீங்கள் மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். குளவிக் கூடு, செங்குத்தான சரிவு, ஆழமான நீர் பக்கத்தில் இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

பாதுகாக்கப்பட்ட காடானால் அனுமதி வாங்கிக்கொண்டு, அங்கே பழகிய வழிகாட்டியோடுதான் போக வேண்டும். யானை, கரடி போன்றவை உலவும் காடுகளில் அவர் சொல்லும் நேரத்தை மீறவே கூடாது. சரணாலயங்களிலிருந்தும் தேசியப் பூங்காக்களிலிருந்தும் ஓர் இறகைக்கூட எடுத்து வர வேண்டாம்.

காலை நேரம்தான் என் முதல் தேர்வு. பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும், பனி படிந்த சிலந்தி வலைகள் தெளிவாகத் தெரியும், பிள்ளைகளும் களைத்திருக்க மாட்டார்கள். சின்னவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்று அவர்கள் கேட்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

படி 2: பையில் என்ன வேண்டும்

கோடு போடாத நோட்டு ஒன்று, இரண்டு பென்சில், ஒன்றரை மீட்டர் நூல், ஒரு சின்ன அளவுகோல், பூதக்கண்ணாடி, தண்ணீர், ஆளுக்கொரு விசில், முதலுதவிப் பொருட்கள். இவ்வளவு போதும்.

பூதக்கண்ணாடியில் ஒரு நுணுக்கம் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு மட்டும் பெரிதாக்கும் அகலமான கண்ணாடிதான் வசதி. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸை எட்டு வயதுக்கு மேல் கொடுக்கலாம். ஆனால் அதைக் கையை நீட்டிப் பிடித்தால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பார்க்கும் பொருளை மெல்ல மெல்ல லென்ஸுக்கு அருகில் கொண்டு வர வேண்டும். இதை வீட்டிலேயே ஓர் இலையை வைத்துப் பழக்கிவிடுங்கள். வெயிலில் லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

பைனாகுலர் ஆறு வயதுக்குள் பெரும்பாலும் எரிச்சலில்தான் முடியும். அந்த வயதுக்கு ஓர் அட்டைக் குழாயே நல்லது. அது எதையும் பெரிதாக்காது, ஆனால் பார்வையை ஓரிடத்தில் நிறுத்தும். பெரிய பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பயிற்சி: பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துவது. குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும்.

முழுக்கால் சட்டை, மூடிய காலணி, மங்கலான நிற உடை. வெளிர் நிறமானால் ஊர்ந்து ஏறும் உண்ணி உடனே கண்ணில் படும்.

படி 3: உள்ளே போகும் முன் பேசிவிட வேண்டியவை

நீண்ட அறிவுரை வேண்டாம். ஐந்து விஷயம், பிள்ளைகள் திருப்பிச் சொல்லும்வரை.

எதையும் வாயில் வைக்கக் கூடாது; பறவை தின்னும் பழம் நமக்கு நஞ்சாக இருக்கலாம், காளானைப் பார்வையை வைத்து நம்பவே முடியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை விடக் கூடாது: பொந்து, புற்று, கல்லிடுக்கு எதுவும். மயிருள்ள கம்பளிப்பூச்சியையும், செந்தட்டி, காஞ்சொறி போன்று மேலே பட்டால் அரிக்கும் செடிகளையும் தொடக் கூடாது. விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது. வழி தவறிவிட்டதாகத் தோன்றினால் நடக்காமல், அருகிலுள்ள மரத்தடியில் உட்கார்ந்து மும்மூன்று முறையாக விசில் ஊத வேண்டும். மூன்று ஊதல் என்பது உதவி கேட்கும் குறி என்று பல நாடுகளிலும் அறிந்திருக்கிறார்கள். நகர்ந்துகொண்டே இருக்கும் பிள்ளையைவிட ஒரே இடத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிது.

கட்டையையோ கல்லையோ புரட்டும் வேலை பெரியவர்களுக்கு மட்டும். அதுவும் உங்கள் பக்கமாக உருட்டுங்கள். திறப்பு எதிர்ப்பக்கம் அமையும்; உள்ளே பாம்போ தேளோ இருந்தால் உங்களை விட்டு விலகி ஓட வழி கிடைக்கும். பார்த்து முடித்ததும் மெல்லப் பழையபடியே வையுங்கள். அது சில உயிர்களின் வீட்டுக் கூரை.

படி 4: முதலில் காது

இடம் சேர்ந்ததும் ஒன்றையும் காட்டாதீர்கள். உட்காருங்கள். நோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, "இதுதான் நீ" என்று சொல்லுங்கள். கண்ணை மூடி, எந்தப் பக்கத்திலிருந்து ஒலி வருகிறதோ அந்தப் பக்கம் ஒரு குறி போடட்டும். பறவையானால் ஒரு வளைவு, காற்றானால் அலை, பூச்சியானால் புள்ளிகள் என்று அவர்களாகவே ஒரு முறை வைத்துக்கொள்வார்கள். நாலு வயதுக்கு இரண்டு நிமிடம், பத்து வயதுக்குப் பத்து நிமிடம்.

உள்ளங்கைகளைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்; மெல்லிய ஒலியும் கூர்மையாகக் கேட்கும். மான் தன் காது மடலைத் திருப்பித் திருப்பி வைப்பது ஏன் என்று அதன் பிறகு விளக்கவே வேண்டியிருக்காது.

இந்தப் பத்து நிமிடத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. நாம் வந்த சத்தத்தில் அடங்கிப்போன பறவைகளும் சில்வண்டுகளும் மறுபடி குரல் கொடுக்கத் தொடங்கும்.

படி 5: ஒரு முழக் காடு

ஒன்றரை மீட்டர் நூலை வட்டமாகத் தரையில் போட்டால் அதன் குறுக்களவு ஏறக்குறைய ஒரு முழம் வரும். பிள்ளைக்கு ஒரு வட்டம். "இதுதான் உன் காடு. இதற்குள் என்னென்ன இருக்கிறது?"

முதல் இரண்டு நிமிடத்தில் "இலைதான் இருக்கிறது" என்பார்கள். பொறுமையாக இருங்கள். மேலே கிடக்கும் சருகு உலர்ந்திருக்கும், அதை ஒரு குச்சியால் விலக்கினால் அடியில் ஈரமான, கறுத்த, ஓட்டை விழுந்த இலைகள், அதற்கும் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைச் சல்லடை, அப்புறம் வெள்ளை நூல் போலப் படர்ந்த பூஞ்சை இழைகள், கடைசியில் மண். ஓர் இலை மண்ணாகும் கதை மேலிருந்து கீழாக அப்படியே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மேல் அடுக்கிலிருந்து ஓர் இலை, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று எடுத்து வரிசையாக வைக்கச் சொல்லுங்கள்.

மரவட்டை இங்கேதான் அகப்படும். அதன் உடலில் பெரும்பாலான கண்டங்களுக்கு இரண்டு ஜோடி கால். பூரானுக்குக் கண்டத்துக்கு ஒரு ஜோடிதான். மரவட்டை சருகைத் தின்று மெதுவாகப் போகும், தொட்டால் சுருண்டுகொள்ளும். பூரான் வேட்டையாடும், வேகமாக ஓடும், கடிக்கும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் முதல் நாளே கற்றுக்கொள்வது நல்லது. மரவட்டையையும் கையில் எடுக்க வேண்டாம், அது கசியவிடும் நீர் கண்ணில் பட்டால் எரியும்.

படி 6: செடியைப் பார்க்கும் விதம்

விலங்கு ஓடிவிடும், செடி ஓடாது. அதனால் தொடக்கத்துக்குச் செடிதான் ஏற்றது. ஆனால் "இது என்ன செடி?" என்ற கேள்வியை நீங்கள் தொடங்கி வைக்காதீர்கள். பெயர் கிடைத்ததும் பார்ப்பது நின்றுபோவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெயர் தெரியாத அந்த அரை மணி நேரத்தில்தான் பிள்ளை இலையைத் திருப்பிப் பார்க்கும், முகரும், தடவும். "முதுகுப்பக்கம் வெல்வெட் மாதிரி இருக்கும் இலை" என்று அதுவே ஒரு பெயர் வைக்கட்டும்.

நம் மொழியே இங்கே கைகொடுக்கும். பூவின் பருவங்களுக்கு நம்மிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது: தோன்றும்போது அரும்பு, விரியத் தொடங்கினால் போது, விரிந்துவிட்டால் மலர், உதிர்ந்து கீழே விழுந்தால் வீ, வாடிவிட்டால் செம்மல். ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒரே மரத்திலும் அதன் அடியிலுமாகத் தேடச் சொல்லுங்கள். இலைக்கும் இப்படியே: கொழுந்து, இலை, பழுப்பு, சருகு. இந்த விளையாட்டை ஆடிய ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பாதி மஞ்சளாகவும் பாதி பச்சையாகவும் இருந்த ஓர் இலையைக் கொண்டுவந்து, "இதற்குப் பெயர் இல்லையே" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அன்றைக்குக் காட்டுக்குப் போனது தகும் என்று நினைத்தேன்.

பல மரங்களின் கொழுந்து செந்நிறமாக இருப்பதைக் காட்டுங்கள். இலை முற்ற முற்றப் பச்சையம் கூடி அந்தச் சிவப்பு மறையும். ஒரு கிளையில் நுனியிலிருந்து அடிக்கு வந்தால் சிவப்பு, செம்பழுப்பு, இளம்பச்சை, கரும்பச்சை என்று வரிசையாக இருக்கும்.

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு துப்பறியும் வேலை: தனி இலையா, கூட்டிலையின் (பல சிற்றிலைகள் சேர்ந்த ஒரே இலையின்) ஒரு சிற்றிலையா? காம்பு வந்து சேரும் இடத்தில், மூலையில் ஒரு சிறு மொட்டு இருக்கிறதா என்று லென்ஸால் பார்க்க வேண்டும். இருந்தால் அது முழு இலை. இல்லையென்றால் இன்னும் கீழே போய்த் தேட வேண்டும். மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் இலை தொடங்குகிறது. கை நீளத்துக்கு இருக்கும் ஒரு கிளை மொத்தமும் ஒரே இலை என்று தெரிய வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

மரப்பட்டையின் மேல் தாளை வைத்துக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பட்டையின் கோலம் படியும். மூன்று மரங்களின் படிவை எடுத்துக் கலைத்துப் போட்டு, எது எந்த மரத்துடையது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

விதைகளுக்கு ஒரு பழைய கம்பளிக் காலுறை போதும். காலணிக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு புல்லும் புதருமான ஓரத்தில் பத்து அடி நடந்தால், கொக்கியுள்ள விதைகள் வந்து ஒட்டும். லென்ஸில் அந்தக் கொக்கியைப் பார்த்த பிறகு ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் கதையைச் சொல்லுங்கள். 1941இல் அந்த சுவிஸ் பொறியாளர், நாயோடு நடந்துவிட்டு வந்தபோது அதன் மயிரில் ஒட்டியிருந்த விதைகளை உருப்பெருக்கியில் பார்த்தார். பிள்ளைகளின் காலணியில் இன்று ஒட்டிப் பிரியும் வெல்க்ரோ பட்டை அதிலிருந்து பிறந்தது. ஒட்டிய விதைகளை அங்கேயே உதிர்த்துவிட்டு வாருங்கள்.

படி 7: குழியானை ஒன்றே ஒரு காலைப் பொழுதுக்குப் போதும்

மழை படாத, பொடிமணல் உள்ள இடத்தில், பாறை ஓரத்திலோ சாய்ந்த மரத்தின் அடியிலோ, புனல் வடிவில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அவற்றின் அடியில் ஒளிந்திருப்பது குழியானை என்னும் சின்னப் பூச்சி. மண்ணில் வயிறு படியப் படுத்துப் பாருங்கள், நீங்களும்.

குழியின் விளிம்பை ஒரு புல் நுனியால் மெல்லத் தட்டினால் இரண்டு மூன்று மணல் துகள் உருளும். அடியிலிருந்து "சட்"டென்று மணல் மேலே வீசப்படும். எறும்பு தடுக்கி விழுந்துவிட்டது என்று குழியானை நினைத்துக்கொண்டது. எறும்பு ஏற முயலும்போது சரிவு காலடியில் நழுவும். மேலே வீசப்படும் மணல் அதை இன்னும் கீழே சறுக்கவைக்கும். பிடித்ததும் சாற்றை உறிஞ்சிவிட்டுக் கூட்டை வெளியே எறிந்துவிடும். குழி விளிம்பில் கறுப்பாக எறும்புகளின் வெற்று உடல்கள் கிடந்தால் வேட்டை நன்றாக நடக்கிறது என்று பொருள். எறும்பைப் பிடித்து நீங்களே உள்ளே போட வேண்டாம். காத்திருந்தால் ஒன்று தானாக வரும்.

இதோடு பிள்ளைகளுக்கு இரண்டு செய்தி சொல்லலாம். ஒன்று, குழியானை இளம்பருவம்தான். வளர்ந்ததும் தும்பி போல நீண்ட சிறகோடு பறந்துபோகும். இரண்டு, அது புழுவாக இருக்கும் காலம் முழுவதும் கழிவை வெளியேற்றுவதில்லை. சேர்த்து வைத்து, சிறகு முளைத்த பிறகுதான் வெளியேற்றும். இரண்டாவது செய்தியை எந்தப் பிள்ளையும் மறந்து நான் பார்த்ததில்லை.

எறும்புச் சாரையில் ஒரு சோதனை: சாரைக்குக் குறுக்கே விரலால் தரையை ஒருமுறை தேய்த்துவிட்டுப் பாருங்கள் (கடிக்கும் எறும்பானால் குச்சியால்). வந்த எறும்புகள் அந்த இடத்தில் தயங்கி, உணர்கொம்பை ஆட்டித் தேடும். அவை கண்ணால் அல்ல, முன்னால் போனவை விட்டுச் சென்ற வாசனையால் வழி அறிகின்றன. எத்தனை நொடியில் சாரை மறுபடி சேர்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

படி 8: விலங்கு இல்லாத இடத்தில் விலங்கைப் பார்ப்பது

ஈரமண்ணும் ஓடைக்கரையும் தடம் பதிந்த பக்கங்கள். நான்கு விரல், நகக்குறி இல்லை என்றால் பூனை இனமாக இருக்கலாம். நடக்கும்போது அது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். நகக்குறி இருந்தால் நாய், நரி வகை. நடுவில் பிளந்த குளம்பானால் மான் அல்லது பன்றி. யானை உலவும் காடானால், பழைய முன்கால் தடத்தைச் சுற்றி நூலால் அளந்து இரு மடங்காக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் வரும். அந்த நூலை மரத்தோடு உயர்த்திப் பிடித்துக் காட்டுங்கள். தடம் புதிதாக இருந்தால் அளக்க நிற்காமல் திரும்பிவிட வேண்டும்.

எச்சத்தையும் பார்க்கலாம், தொடாமல். விதையாக இருந்தால் பழம் தின்றது, மயிரும் எலும்புத் துணுக்கும் இருந்தால் வேட்டையாடி, உருண்டை உருண்டையான புழுக்கையானால் புல்லும் இலையும் தின்பது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், அடுத்த நிமிடமே குச்சியோடு குனிவார்கள். இலையின் ஓரத்தில் கத்தரித்தது போல அரைவட்டம் இருந்தால் இலைவெட்டித் தேனீயின் வேலை. இலைக்கு உள்ளேயே வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போனால், இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு புழு தின்றுகொண்டே நகர்ந்திருக்கிறது. கோடு தொடங்கும் இடத்தில் மெல்லியதாகவும் முடியும் இடத்தில் தடித்தும் இருக்கும். ஏன்? புழு வளர்ந்துவிட்டது. இதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்வரை சொல்லாதீர்கள்.

படி 9: நோட்டு

தேதி, நேரம், வானம் எப்படி, எந்த இடம். இந்த நாலும் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டாயம். அப்புறம் படம். அழகாக இருக்க வேண்டியதில்லை. கால் எத்தனை, கொம்பு எங்கே, இலை எதிரெதிரா, மாறி மாறியா என்பது சரியாக இருந்தால் போதும். எழுதத் தெரியாத பிள்ளை சொல்லச் சொல்ல, அதன் சொல்லிலேயே நீங்கள் எழுதுங்கள், திருத்தாமல். பெரிய பிள்ளைகள் பக்கத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: பார்த்தது, எனக்குத் தோன்றியது, தெரிய வேண்டியது. "பறவை கோபமாக இருந்தது" என்பது எந்தப் பத்தியில் வரும் என்று யோசிக்க வைப்பதே நல்ல பயிற்சி. சிறகை விரித்து உரக்கக் கத்தியது என்பதுதான் பார்த்தது.

கைபேசியைக் காட்டில் வெளியே எடுக்காதீர்கள், ஒரு படம் எடுக்க மட்டும் தவிர. பெயர் தேடுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கணக்குத் தொடங்காமலே பயன்படும் சீக் செயலி பிள்ளைகளுக்கு ஏற்றது. பறவைக்குக் கார்னெல் ஆய்வகத்தின் மெர்லின். செயலி சொல்வதை அப்படியே ஏற்காமல், தன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

படி 10: பதில் சொல்லாமல் இருப்பது

இதுதான் நமக்குக் கடினமான படி. "குளவி தன் வளையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று பிள்ளை கேட்டால், "நீ என்ன நினைக்கிறாய்? எப்படிச் சோதிக்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். நிக்கோ டின்பர்கன் இதே கேள்வியைத்தான் கேட்டார். மண்ணில் வளை தோண்டும் ஒரு குளவியின் வாசலைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக வைத்தார். குளவி அதற்குப் பழகிய பிறகு, அது வேட்டைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த வட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி, வளை இல்லாத அந்த வட்டத்தின் நடுவில் இறங்கித் தேடியது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்டது கீழே விழுந்து கிடந்த காய்களும் பொறுமையும்தான்.

படி 11: வீடு திரும்பிய பிறகு

முதல் வேலை உடலைச் சோதிப்பது. காதுக்குப் பின்புறம், அக்குள், முழங்காலுக்குப் பின்புறம், தலைமுடி. உண்ணி கடித்திருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். நெருப்பு வைக்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். பிறகு காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போய் வந்ததைச் சொல்லுங்கள்.

அப்புறம் கேளுங்கள், குறுக்கிடாமல். ஜேன் குடால் ஐந்து வயதுகூட நிரம்பாதபோது, கோழி எப்படி முட்டையிடுகிறது என்று பார்ப்பதற்காகக் கோழிக்கூட்டுக்குள் போய் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீடே அவரைத் தேடித் தவித்தது. உடலெல்லாம் வைக்கோலோடு ஓடிவந்த மகளை அவர் தாய் அதட்டவில்லை. உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். அந்தச் சிறுமிதான் 1960 ஜூலையில் கோம்பே காட்டுக்குப் போய், தன்னைக் கண்டாலே ஓடிய சிம்பன்சிகளை மாதக்கணக்கில் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் அவற்றில் ஒன்று புல் தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கறையானை எடுத்துத் தின்பதைக் கண்டார்.

படி 12: மறுபடியும் அதே இடம்

மாதம் ஒருமுறை முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. கிளம்புவதற்கு முன் பழைய பக்கத்தைப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். செந்நிறக் கொழுந்து பச்சையாகிவிட்டதா, குழியானைக் குழிகள் எத்தனை மிஞ்சின, சல்லடையாக இருந்த இலை இன்னும் இருக்கிறதா என்று அதுவே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளும். இடம் சேர்ந்ததும் முதலில் காது. அதன் பிறகு புதிய பக்கத்தில் தேதியை எழுதி, போன முறை வட்டம் போட்ட அதே இடத்தில் நூலைப் போடுங்கள்.